நடுராத்திரி நல்லம்பள்ளிக்காரர்

வெளிநாட்டில் படிக்கும் தமிழ்ப் பையன்களில் பல வகை உண்டு. லண்டன் வகை, பகுதிநேர வேலையைப் பற்றியே பேசும். ஜெர்மனி வகைக்கு அறை வாடகைதான் பேச்சு. அமெரிக்க வகை விசாவைத் தவிர வேறெதையும் பேசாது. இந்த மூன்றிலும் சேராத அபூர்வ வகை ஒன்று தெற்கு ஸ்பெயினின் கிரானடா நகரத்தில், இரவு பதினொன்றரை மணிக்கு எல்விரா தெருவில், கையில் சின்னக் கண்ணாடித் தம்ளரோடு நின்றுகொண்டிருக்கும். சுற்றிலும் ஆறேழு ஸ்பானிய நண்பர்கள் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் சிரித்தபடி தலையாட்டும் நம் தம்பிக்குப் பேச்சில் பாதி புரிந்திருக்கும். சொந்த ஊர், தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி.

சேலத்திலிருந்து தர்மபுரி போகிறவர்கள், தொப்பூர் கணவாயைப் பத்திரமாகத் தாண்டிவிட்ட நிம்மதியில் கவனிக்காமல் விட்டுவிடும் ஊர் அது. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அங்கிருந்து பஸ் ஏறி, செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்தவர் கிரானடாவுக்கு ஏன் போனார்? அல்ஹம்பிரா அரண்மனையின் அழகு இழுத்தது என்று அவரே பிற்பாடு சொல்வார். நம்ப வேண்டாம். இழுத்தது கட்டணம். கிரானடா இருக்கும் ஆந்தலூசிய மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு ஆயிரம் யூரோவுக்குள்தான் ஆகும். நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம். கிரானடாப் பல்கலைக்கழகமோ, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1531-இல் தொடங்கியது.

"ஐந்நூறு வருஷத்துக் காலேஜ்ப்பா."

"ரொம்பப் பழசுங்கறதால ஃபீஸைக் குறைச்சிட்டாங்களா?" என்று கேட்பார் அப்பா.

போய் இறங்கியதும் முதல் சோதனை பெயரில் வரும். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. நம்மாளிடம் இருப்பது ஓர் இனிஷியல், அதற்குப் பின்னால் ஒரு புள்ளி. படிவத்தின் முதல் கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதிவிட்டு இரண்டாவதை வெறுமையாக விட்டால், அலுவலகத்தில் இருப்பவர் பேனாவை நீட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் அப்பாவின் பெயர்தான் தம்பியின் பெயராக நிலைத்துவிடும். வகுப்பில் பேராசிரியர் கூப்பிடுவது அப்பாவை. மதுக்கடையில் நண்பர்கள் "இன்னொரு ரவுண்ட்?" என்று கேட்பதும் அப்பாவைத்தான். அப்பா நல்லம்பள்ளியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அடுத்தது நேரம். நண்பர்கள் "ராத்திரிச் சாப்பாட்டுக்கு வா" என்பார்கள். தம்பி ஏழரைக்குக் குளித்து, சட்டை மாற்றி, எட்டு மணிக்குச் சொன்ன இடத்தில் நிற்பார். தெருவில் ஈ காக்கா இருக்காது. பல கடைகளில் அடுப்பே எட்டரைக்குத்தான் எரியும். நண்பர்கள் பத்து மணிக்கு வந்து, "சீக்கிரம் வந்துட்டியே!" என்று ஆச்சரியப்படுவார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடத்தில் ஸ்பெயின் பிரிட்டனுக்குத் தெற்கே, ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் கிடக்கிறது. லண்டன் நேரமே அதற்குப் பொருந்தும். 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டார். ஹிட்லர் 1945-இல் போனார், ஃபிராங்கோ 1975-இல் போனார், கடிகாரம் மட்டும் திரும்பி வரவில்லை. கோடையில் ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும் ஊரில் எட்டு மணிக்குச் சாப்பிடச் சொன்னால் யாருக்குப் பசிக்கும்?

கிரானடாவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எதைக் குடிக்கக் கேட்டாலும் கூடவே ஒரு தட்டில் தின்பண்டம் இலவசமாக வரும். தாப்பாஸ் என்பார்கள். ஸ்பெயினின் பெரும்பாலான நகரங்களில் இதற்குக் காசு உண்டு, கிரானடாவில் இல்லை. சுமார் மூன்று யூரோவுக்கு ஒரு சின்னத் தம்ளர் பீர், அதோடு ஒரு துண்டு உருளைக்கிழங்கு ஆம்லெட். இரண்டாவது தம்ளருக்கு வேறு தட்டு, மூன்றாவதற்கு இன்னொன்று. பல கடைகளில் எத்தனையாவது தம்ளருக்கு எந்தத் தட்டு என்று வரிசையே வைத்திருக்கிறார்கள். பீர் குடிக்காதவருக்குத் திராட்சைச் சாறு, அதற்கும் தட்டு உண்டு. தம்பியின் பொறியியல் மூளை முழு வேகத்தில் வேலை செய்வது இங்கேதான். எந்தக் கடையில் நாலாவது தட்டுக்கு இறைச்சி வருகிறது, எந்தக் கடையில் ஆலிவ் காயோடு முடித்துவிடுகிறார்கள் என்கிற விவரமெல்லாம் ஒரே மாதத்தில் அத்துப்படி. மூன்று தம்ளர், மூன்று தட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. உள்ளூர்ப் பையன்களே அவரிடம் வழி கேட்பார்கள்.

பரிமாறுகிறவர் சிரிக்கமாட்டார். தட்டை மேஜையில் போடுகிற சத்தத்திலேயே ஒரு கண்டனம் இருக்கும். கிரானடாக்காரர்களின் இந்தக் கடுகடுப்பு ஸ்பெயின் முழுக்கப் பிரசித்தம். அமெரிக்க மாணவர்கள் மனம் புண்பட்டு அறைக்குப் போய்விடுவார்கள். சேலம் நெடுஞ்சாலை டீக்கடைகளில் சில்லறை இல்லாமல் நூறு ரூபாய் நோட்டை நீட்டி வளர்ந்த தம்பிக்கு, இது சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி.

அவரைக் கலங்கடிக்கலாம் என்று ஒரு நாள் நண்பர்கள் திட்டம் போடுவார்கள். இந்தியர் என்றால் காய்கறி மட்டும்தான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆகவே வேண்டுமென்றே கயோஸ் வரவழைப்பார்கள். மாட்டுக் குடலைக் கொண்டைக்கடலையோடு சேர்த்து மிளகாய்த்தூள் போட்டு வேகவைத்தது. கூடவே மோர்சியா, ரத்தத்தை வெங்காயத்தோடு குடலில் அடைத்துப் பொரித்தது. ஸ்பெயினிலேயே பாதி இளைஞர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பண்டங்கள். எல்லோரும் தம்பியின் முகத்தையே பார்ப்பார்கள். ஆட்டுச் சந்தை கூடும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் மணக்கும் தெருவில் பிறந்தவர், ரொட்டியால் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்பார்: "காரம் கொஞ்சம் கம்மி. இன்னொண்ணு கிடைக்குமா?"

அன்றிலிருந்து அவர் உள்ளூர்க்காரர்.

ஆனால் குடிக்கும் முறையில் மாட்டிக்கொள்வார். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மதுபானச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக்கிடம்தான். அங்கே குடிப்பது ஒரு காரியம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு, மிக்சரைக் கடித்தபடி தெரிந்தவர் கண்ணில் படாமல் நகர்ந்துவிட வேண்டும். தம்பி குடிக்காத பிள்ளையாகவே இருந்தாலும் பார்த்து வளர்ந்த முறை அதுதான். முதல் நாள் அவர் அந்தச் சின்னத் தம்ளரை எடுத்த எடுப்பில் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "கிளம்பலாமா?" என்பார். நண்பர்கள் தம்ளரில் அப்போதுதான் உதடு வைத்திருப்பார்கள். அடுத்த ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டே பேசுவார்கள். பக்கத்து மேஜையில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் ஒயின் குடித்துக்கொண்டிருப்பார், மடியில் பேரப்பிள்ளை இருக்கும், மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். ஒளிந்துகொள்ள வேண்டிய காரியம் எதுவும் அங்கே நடக்கவில்லை என்பது தம்பிக்குப் புரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். பாட்டில் வாங்கித் திறந்தவெளியில் கூட்டமாகக் குடிக்கும் பழக்கத்தைச் சமாளிக்க முடியாமல், கிரானடா நகராட்சியே அதற்கென்று ஒரு திடலை ஒதுக்கிக் கொடுத்துப் பார்த்தது. 2016-இல் அதை மூடிவிட்டார்கள்.

காசு விஷயத்தில் அவருக்கு இன்னொரு அதிர்ச்சி. நம்மூரில் பில் வந்தால் சண்டை பிடிக்க வேண்டும். "நான் குடுக்கறேன்", "சும்மா இருங்க மாமா", சட்டைப் பையில் கையைத் திணிப்பது, கடைக்காரரை மிரட்டுவது எல்லாம் நடந்தால்தான் மரியாதை. ஸ்பானியர்கள் இரவின் தொடக்கத்திலேயே ஆளுக்குப் பத்து யூரோ போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். தீர்ந்தால் மறுபடி ஆளுக்கு ஐந்து. கேட்க நியாயமாக இருக்கும். தம்பிக்கோ சண்டை போட ஆள் இல்லாமல் கை பரபரக்கும். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் போய் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். நண்பர்கள் பதறுவார்கள், யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரிப்பார்கள். அறைக்குத் திரும்பி யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும்போதுதான் தம்பி பதறுவார்.

இந்தியர் என்பதற்காகவே வரும் கேள்விகள் தனிக் கச்சேரி. "தொமாத்தினா பார்த்தாயா?" என்பார்கள். வலென்சியா பக்கத்துப் புன்யோல் ஊரில், ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை தக்காளியை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொள்ளும் திருவிழா. 1945-இல் தொடங்கியது. 2011-இல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' இந்திப் படத்துக்குப் பிறகு இந்தியர்கள் அங்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாலக்கோடு மண்டியில் விலை விழுந்தால் தக்காளியைப் பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகவில்லை என்று சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு, காசு கொடுத்து மிதிப்பது ஏன் என்று விளங்காது. "எங்க ஊர்ல வருஷத்துக்கு நாலு தடவை நடக்கும், டிக்கெட் கிடையாது" என்று முடித்துக்கொள்வார்.

ஜல்லிக்கட்டைப் பற்றிப் பெருமையாகத் தொடங்கினால் மேஜை அமைதியாகிவிடும். ஸ்பானிய இளைஞர்களில் காளைச் சண்டையை வெறுப்பவர்கள் நிறையப் பேர். தர்மபுரி பக்கம் தடங்கத்தில் மாட்டைக் கொல்லமாட்டார்கள், திமிலைத்தான் பிடிப்பார்கள், மாடு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும் என்று விளக்கித் தேற்ற வேண்டும். "அப்படியென்றால் யாருக்கு அடிபடும்?" "எங்களுக்குத்தான்." அந்தப் பதிலில் சமாதானம் வந்துவிடும்.

சாக்ரோமோந்தே குன்றின் குகை வீடுகளில் ஃபிளமெங்கோ ஆட்டம் நடக்கும். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ரோமா மக்கள். அவர்களின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை மொழி ஆய்வும் மரபணு ஆய்வும் சொல்கின்றன. ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425-இல் அரகோன் மன்னர் கொடுத்த பயண அனுமதி. இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் தம்பியின் முதுகில் தட்டி, "இதெல்லாம் உங்க ஊர்ச் சரக்கு!" என்பார்கள். வடமேற்கு இந்தியாவுக்கும் நல்லம்பள்ளிக்கும் இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று மறுக்கத் தோன்றும். மறுக்கமாட்டார், கிடைக்கிற பெருமையை விடுவானேன்? சொந்தக்காரர் என்ற உரிமையில் தாளத்துக்குக் கைத்தட்ட ஆரம்பிப்பார். பல ஆட்டங்களில் பன்னிரண்டு தட்டுக் கணக்கு அது, தட்டுவதும் கலைஞர்களின் வேலை, பார்ப்பவர் தட்டினால் குலைந்துவிடும். கிட்டார் வாசிப்பவர் ஒரு பார்வை பார்ப்பார். தெருக்கூத்தில் விசிலடித்தால் கட்டியங்காரன் அதற்கும் ஒரு பதில் வசனம் வைத்திருப்பான், இங்கே ஒரு கைத்தட்டலுக்கு முறைக்கிறார்களே என்று தம்பிக்கு வருத்தம்.

பெத்ரோ அந்தோனியோ தெரு, இரவு மூன்று மணி. நடனக் கூடத்தில் "பாலிவுட் ஆடு!" என்ற வேண்டுகோள் கட்டாயம் வரும். 2023-இல் ஆஸ்கர் வாங்கிய 'நாட்டு நாட்டு' பாட்டைப் போட்டுவிடுவார்கள். அது தெலுங்கு, பாலிவுட் இந்தி, நான் தமிழ் என்று சொல்லத் தொடங்கி, இரைச்சலில் யாருக்கும் கேட்காததால், ஆடிவிடுவார். ஆடுவது மாரியம்மன் பண்டிகைக்குப் பறைக்கு ஆடும் அடி. கூடம் வட்டமாக ஒதுங்கி நிற்கும். மறுவாரம் நாலு ஸ்பானியர்கள் அதே அடியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஸ்பானிய இரவு வாழ்க்கை என்று ஊரில் பயமுறுத்தியதற்கும் பார்த்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகள் நடுராத்திரியில் தெருவில் பந்து விளையாடுகின்றன. கிழவிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடை கடையாக நடந்து, நின்று, தின்று, தெரிந்தவரைப் பார்த்தால் கத்தி அழைத்து, விடியும்போது வீடு திரும்புகிறார்கள். கூத்து விடிய விடிய நடக்கும் தர்மபுரிப் பக்கத்துப் பையனுக்கு இதில் புதிது என்ன? பெங்களூர்ப் பையன் பதினொரு மணிக்கே கொட்டாவி விடுவான். தம்பிக்குத் திருவிழாவில் வாங்கிய பயிற்சி கைகொடுக்கும்.

விடைபெறுவதிலும் இரு ஊருக்கும் பேதமில்லை. "போறேன்" என்று ஸ்பானியர் சொன்னால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று பொருள். தோழிகள் ஒவ்வொருவரின் இரு கன்னத்திலும் முத்தம் வைக்க வேண்டும், எந்தக் கன்னம் முதலில் என்ற குழப்பத்தில் தம்பியின் மூக்கு இன்னொரு மூக்கில் மோதும், அதற்குச் சிரித்து ஒரு புதுப் பேச்சு தொடங்கும். நல்லம்பள்ளியில் வாசற்படியில் செருப்பு மாட்டிய பிறகுதான் அத்தைக்கு முக்கியமான செய்தி நினைவுக்கு வருவதில்லையா?

நல்லம்பள்ளிப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஸ்பெயின் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். மார்கழியில் பால் கறந்துவிட்டுக் காலை ஆறரைக்கு நீங்கள் போன் போட்டால் அங்கே இரவு இரண்டு. "படிச்சிட்டிருக்கேன்மா" என்பார் பிள்ளை. பின்னால் கேட்கும் பாட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து அறை டிவியைக் காரணம் சொல்வார். பாவம், அவரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். எழுந்து பல் விளக்கியிருப்பார்.