கைராசிக்கார மெடிக்கல் அண்ணாச்சி

அண்ணாச்சி, உங்களுக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடை போர்த்தவில்லை என்பது இந்தத் தெருவுக்கே இழுக்கு. எம்.பி.பி.எஸ். முடிக்க ஐந்தரை வருஷம், சிறுநீரக நிபுணராக அதற்குமேல் ஆறு வருஷம் என்று ஆயுளைக் கரைக்கிறார்கள். நீங்களோ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அத்தனை ஞானத்தையும் எட்டிவிட்டீர்கள்.

நீர்க்கடுப்பு என்று போனால் டாக்டர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள்! குளிர்காய்ச்சல் உண்டா, விலாவில் வலியா, சர்க்கரை இருக்கிறதா, மாசமாக இருக்கிறீர்களா என்று ஆயிரம் கேள்வி. சந்தேகம் வந்தால் யூரின் கல்ச்சர். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று சொல்ல லேபுக்கு ரெண்டு மூணு நாள். உங்களுக்கு முகத்தைப் பார்த்தாலே போதும். நாலு பேர் நிற்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தி, "யூரின் போனா எரியுதுண்ணா" என்றாள் ஒரு பெண். அவள் கூச்சத்தைப் போக்கத்தானே, "தம்பி, நீர்க்கடுப்புக்கு ரெண்டு நாள் எடு!" என்று தெருமுனை வரைக்கும் முழங்கினீர்கள்?

உங்கள் சமத்துவமும் சாதாரணமானதல்ல. மாசமானவள், சர்க்கரைக்காரர், கிட்னியில் கல் உள்ளவர், எல்லாருக்கும் அதே சிப்ரோஃப்ளாக்சசின். இந்த வகை மாத்திரை தசைநாரையும் நரம்பையும் பாதிக்கக்கூடும், வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று 2016இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அவர்கள் பயந்தாங்கொள்ளிகள். நைட்ரோஃபுரன்டாயின் என்ற பழைய மருந்துக்குப் பெரும்பாலான ஈ.கோலைக் கிருமிகள் இன்றும் அடங்குகின்றனவாம். ஆனால் ஐந்து நாள் சாப்பிட வேண்டும். அவ்வளவு நாள் ஒருவரைக் காக்கவைக்க உங்களுக்கு மனசு வருமா?

கத்தரிக்கோலை நீங்கள் பிடிக்கும் லாகவம் தனி அழகு. அட்டையிலிருந்து நாலு மாத்திரை எங்கள் கைக்கு வரும். மருந்தின் பெயரில் பாதியும் காலாவதித் தேதி முழுதும் உங்களிடமே பத்திரமாகத் தங்கும். அட்டையின் முதுகிலே ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதே, டாக்டர் சீட்டில்லாமல் தராதே என்று, அதைக் கோணல் இல்லாமல் நறுக்குகிறீர்கள். செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிந்து, அந்த நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். உங்கள் நோட்டில் ஒரு மசிப்பொட்டு உண்டா? வெள்ளை வெளேரென்று என்ன சுத்தம்!

கிருமிகளும் உங்களுக்குக் கடன்பட்டவை. ரெண்டு நாளில் எரிச்சல் அடங்கிவிடும். சோப்ளாங்கிக் கிருமிகள் செத்துப்போகும், தாக்குப்பிடித்தவை தழைக்கும். காசு வாங்காமல் நீங்கள் நடத்தும் பயிற்சி முகாம் அது.

இப்படிப்பட்ட கைங்கரியம் பெருகிய தேசத்துக்குப் பெருமை வராமலா போகும்? டெல்லியில் சிகிச்சை பெற்று 2008இல் ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீர்த் தொற்றில், கடைசி ஆயுதமான கார்பபெனெம் மருந்தையே செல்லாக்காசாக்கும் நொதி அகப்பட்டது. நம் தலைநகரின் பெயரையே சூட்டி, என்.டி.எம்-1 என்றார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வில் சென்னைக் கிருமிகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்த்திருந்தது. 2012இல் டாக்டர்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கடிவாளம் போடச் சொல்லி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். அதற்கெல்லாம் அசராமல் கடையைத் திறந்தீர்களே, அந்த நெஞ்சுறுதி யாருக்கு வரும்?

எங்களையும் நாலு வார்த்தை புகழத்தான் வேண்டும். சீட்டு கொண்டுவருவது கிடையாது. வீட்டில் கிடந்த துண்டு அட்டையை நீட்டி, "போன தடவை குடுத்தீங்களே, அதே மாத்திரை" என்கிறோம். டாக்டர் ஃபீஸ் மிச்சம். அந்த மிச்சமும் வீண்போவதில்லை. மாத்திரைக்குக் கேட்காத கிருமி கிட்னிக்கு ஏறி, நடுக்கத்தோடு அட்மிட் ஆகும்போது ஊசி மருந்துக்கு முன்பணமாக ஆகிறது. ஆனால் ஒன்று அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு உங்கள் தாராள மனசு கிடையாது. பில்லில் ரெண்டு நாளைக்கு மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்றால், முழுசாகக் கட்டு என்கிறார்கள்.