முக்கி எடுத்தவர்கள்

டீபேக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், நியூயார்க் டீ வியாபாரி தாமஸ் சல்லிவனைத்தான் கை காட்டுவார்கள். 1908 வாக்கில் மனிதர் சாம்பிள் டீயைச் சின்னச் சின்னப் பட்டுப் பைகளில் போட்டு அனுப்பினாராம். பிரித்துக் கொட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. கஸ்டமர்களோ பையோடு வெந்நீரில் போட்டுவிட்டு, 'பட்டு ரொம்ப நெருக்கமா இருக்கு, டீ இறங்கவே மாட்டேங்குது' என்று கம்ப்ளெயின்ட் வேறு செய்தார்களாம். சோம்பேறித்தனம் வாழ்க!

கதை ஜோர். ஆனால் மில்வாக்கியில் ரோபெர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் என்று இரண்டு பெண்கள், ஒரு கப் டீக்கு ஒரு துணிப்பை போதும் என்று 1901-லேயே யோசித்து, 1903 மார்ச்சில் பேடன்ட்டும் வாங்கியிருந்தார்கள். யோசித்தவர்களுக்கு ஒரு காகிதம். யோசிக்காதவருக்குப் புகழ்.

அதே 1903 ஜூனில், பீகாரின் மோதிஹாரியில் டீபேக்கின் பரம விரோதி பிறந்தார். பிற்காலப் பெயர் ஜார்ஜ் ஆர்வெல். சர்வாதிகாரத்தைக் கிழிகிழியென்று கிழித்தவர்தான், ஆனால் கெட்டில் கொதித்துவிட்டால் அவரே சர்வாதிகாரி! 1946-ல் நல்ல டீக்கு 11 கட்டளைகள் போட்டார். சர்க்கரை கூடாது. பால் அப்புறம்தான். இலையை வடிகட்டியிலோ துணிப்பையிலோ சிறை வைக்கவே கூடாது. (நம்ம டீக்கடை மாஸ்டர் கையிலிருக்கும் அந்தப் பழுப்புத் துணியைப் பார்த்திருந்தால் மயங்கியே விழுந்திருப்பார்.) அப்போது பிரிட்டனில் டீயே ரேஷன். 1952-ல் ரேஷன் ஒழிந்தது, மறு வருஷமே டெட்லி கம்பெனி அங்கே டீபேக்கை இறக்கியது. ஆர்வெல் 1950-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கொடுத்துவைத்தவர்.

சரி, சிறை வைத்த டீயை எப்படித்தான் போடுவது? பைக்குள் இருப்பது பெரும்பாலும் பொடிப்பொடியான தூள். அரை நிமிஷத்தில் ஜம்மென்று கலர் வந்துவிடும். அதை நம்பி எடுத்தால் கலர் மட்டும்தான் மிச்சம். பை மேல் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சாஸரால் மூடி, நாலு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பாலை முதலில் ஊற்றினால் தண்ணீர் ஆறிப்போய்ச் சாரம் இறங்காது. இன்னொன்று, தண்ணீர் ஊற்றுமுன் நூலைக் கப்பின் காதில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒரு மீட்டிங்கில் பத்துப் பேர் பார்க்க, முழுகிப்போன அந்தக் குட்டி அட்டையைப் பேனா மூடியால் தூண்டில் போட்டுப் பிடித்தவன் சொல்கிறேன்.

நாலு நிமிஷமா என்று மலைக்காதீர்கள். பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் 1980-ல் டீ போட ஆறு பக்கத்துக்கு ஸ்டாண்டர்டே எழுதியது. 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிஷம். டேஸ்ட் பார்க்கும் நிபுணர்களுக்காக எழுதிய படுசீரியஸ் சமாசாரம். 1999-ல் பரிசும் வந்தது. நோபல் இல்லை, அதைக் கிண்டலடிக்கும் 'இக் நோபல்'!

இத்தோடு ஓய்ந்தார்களா? 2024 ஜனவரியில் மிஷெல் ஃப்ராங்க்ல் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியை, டீயில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கும் என்றார். அறிவியல்படி சரிதான். ஆனால் சொன்னது அமெரிக்கர், கேட்டது இங்கிலாந்து! கொதிப்பு கெட்டிலைத் தாண்டிவிட்டது. லண்டனில் இருக்கும் அமெரிக்கத் தூதரகமே ஓடிவந்து, இது எங்கள் அரசின் கொள்கை அல்ல என்று அறிக்கை விட்டது. கூடவே ஓர் உறுதிமொழி: நாங்கள் எப்போதும்போல் முறைப்படியே டீ போடுவோம், மைக்ரோவேவில்.