ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

என் கற்பித்தல் மதிப்பீட்டைக் குழப்பியதில் பலருக்குப் பங்கு உண்டு. முதற் பங்கு பாணந்துறைக் குரங்குக்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை என் பாடத்தைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வருகிறார். தரம் 6, தமிழ், மெய்யும் உயிர்மெய்யும். காலையிலிருந்து லெப்டொப் முன்னால் குந்தியிருந்து இருபத்திரண்டு சிலைட் செய்து முடித்திருந்தேன். 'க்' இடப்பக்கத்தால் பறந்து வரும், 'அ' வலப்பக்கத்தால் வரும், இரண்டும் நடுவில் முட்டி 'க' ஆகும், உடனே கைதட்டல் கேட்கும். பொருத்தமான கைதட்டலைத் தேடுவதற்கே முக்கால் மணித்தியாலம் போனது. பதினொரு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது, பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது, என் லெப்டொப்பும் நின்றது. அதன் பெட்டரி பெயருக்குத்தான் பெட்டரி.

"சேவ் பண்ணினியா?" என்று தம்பி கேட்டான். பல வருடங்களாக என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காதவன்.

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். அப்பா செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதுகிறவர். எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பார். "முதல் வந்தவர் வாலிலே நெருப்போட ஊரெல்லாம் வெளிச்சம் போட்டுட்டுப் போனார். இவர் வந்து அணைச்சிட்டுப் போறார். கணக்கு நேர்" என்றார். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் அதோடு படுத்துக்கொண்டதால், திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு என்றும் அறிவித்தார்கள். இருபத்திரண்டு சிலைட்டைப் பற்றி அறிவித்தலில் ஒன்றும் இல்லை.

தொழில்நுட்பம் எனக்குப் புதிது இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நான் உயர்தர மாணவி. வீட்டில் ஸ்மார்ட் ஃபோன் ஒன்றே ஒன்று. அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஊரடங்கு தளர்ந்து அப்பா வேலைக்குப் போகத் தொடங்கியதும் என் அரசியல் விஞ்ஞானமும் செட்டியார் தெருவுக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். டீச்சர் அனுப்பிய குரல் பதிவுகளில் அரசியலமைப்புக்கு இடையில் குக்கர் விசில் கேட்கும். மூன்று விசிலுக்குப் பிறகு அவர் அவசரமாகப் பாடத்தை முடிப்பார். இன்றைக்கும் குக்கர் விசில் கேட்டால் எனக்குச் சோல்பரி அரசியலமைப்பு ஞாபகம்தான் வருகிறது.

பிறகு கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் விடுதி, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. பாடக்குறிப்பை 'ஐந்து ஈ' முறையில் எழுத வேண்டும். ஈடுபடுத்தலில் தொடங்கி மதிப்பிடல் வரை ஐந்து படி. ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ஈ என்றுதான் தொடக்கம். முதல் மாதம் ஃபோனில், "அம்மா, ஐந்து ஈயும் சரியா வரல்ல என்று திருப்பித் தந்திட்டாங்க" என்று அழுதேன். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து அம்மா அடுத்த கிழமையே ரசத்தூள் கொண்டு வந்தார். 'வகுப்பறையில் தொழில்நுட்பம்' என்ற பாடத்தில் மெடம் ஒருவர் தொழில்நுட்பத்தின் பன்னிரண்டு பயன்களைத் தாளைப் பார்த்து வாசிக்க, நாங்கள் கொப்பியில் எழுதினோம். ஒன்பதாவது பயன்: நேரம் மிச்சமாகும். அந்த வரியை மட்டும் அவர் இரண்டு தரம் வாசித்தார், கடைசி வாங்கில் ஒருத்தி பிந்திவிட்டதால்.

திங்கட்கிழமை, இருபத்திரண்டு சிலைட்டின் கையெழுத்துப் பிரதியோடு எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் கொமியூனிகேஷனுக்குப் போனேன். ஃபோட்டோ கொப்பி, ரீலோட், மரண அறிவித்தல், கலியாண கார்ட் எல்லாம் அங்கேதான். அண்ணன் பத்து விரலாலும் அடிப்பார். மூன்றரைக்குப் பிறகு எந்த நேரமும் கரண்ட் போகலாம் என்பதால் அவர் விசைப்பலகையில் மழை பெய்தது. "கைதட்டல் சத்தம் வேணுமா மிஸ்?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த ஆசை ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

மற்ற ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாடு சதுரக் கால் பிளக்குக்கு மாறிவிட்டது. என் வகுப்பறைச் சுவர் மாறவில்லை, வட்டத் துளையோடேயே இருக்கிறது. மல்டிமீடியா புரொஜெக்டரின் பின்பக்கம் பதினைந்து துளை உள்ள பழைய நீலப் பொருத்தி. கந்தோரில் தந்த லெப்டொப்பில் அந்த இனமே இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அலைந்து, இரண்டுக்கும் நடுவில் சம்பந்தம் பேசி வைக்கிற துண்டுகளை வாங்கினேன். மல்டிமீடியா இருப்பது உப அதிபரின் அலுமாரியில். பிளாஸ்டிக் பைக்குள் துவாய், துவாய்க்குள் பெட்டி, பெட்டிக்குள் அது. எங்கள் ஊர்க் கோயில்களில் நடை ஒவ்வொரு நாளும் திறக்கும்; இந்த நடை தவணைக்கு ஒருமுறை திறந்தால் பெரிது. "பல்ப் போனா நான்தான் பதில் சொல்லணும் மகள்" என்று சேர் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

நாங்கள் பொன்னம்பலவாணேசர் கோயில் ஆட்கள். ஆனால் கொச்சிக்கடையில் பிறந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தபோது, கொச்சியிலிருந்து அந்தோனியோ என்ற பாதிரியார் வியாபாரி வேடத்தில் வந்து இங்கே கடை வைத்திருந்தார், ஊருக்குப் பெயர் அதனால் வந்தது என்று சொல்வார்கள். கடல் ஊருக்குள் வந்தபோது கரையில் சிலுவையை நட்டு அவர் செபிக்க, கடல் பின்வாங்கியதாம். மதிப்பீட்டுப் பத்திரத்தில் இதை நிரப்பினால், கற்பித்தல் உபகரணம்: மரச்சிலுவை ஒன்று, மின்சாரம்: தேவையில்லை. காணாமற்போனதைத் தேடித் தருவதிலும் அந்தோனியார் பேர்போனவர். "சாமிட்ட அந்த இருபத்திரண்டையும் கேளு" என்று அம்மா விடிய ஆறு மணிக்கே என்னை இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அப்போதுதான் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்கே உறைத்தது. கறுப்பு வயர் ஐந்து மீற்றர். மல்டி பிளக். இரண்டு மாற்றி. பெட்டரி போட்ட டோர்ச். நாற்பது நிமிடப் பாடத்தை ஐந்து ஈக்கும் பிரித்துக் கொடுக்கவென்று எடுத்து வைத்த மேசை மணிக்கூடு; அது வேறு டிக் டிக் என்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த வாசலில் யாரும் இப்படி ஒரு பையைப் பகிடியாக எடுப்பதில்லை. எடுக்கவும் கூடாது. பாதுகாவலர் ஒவ்வொன்றாக மேசையில் வரிசையாக அடுக்கினார். மணிக்கூட்டைக் காதருகில் வைத்துக் கேட்டார். பின்னால் மெழுகுதிரி பிடித்திருந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். அம்மா மூன்றடி தள்ளி நின்றார், என்னைத் தெரியாதவர் மாதிரி.

"மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் பாடக்குறிப்புக் கொப்பியை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, 'க்' எழுதிய அட்டையைக் கண்டதும் முகம் இளகி, "க" என்றார். தமிழ் வகுப்புக்குப் போனவராம். அது 'க' இல்லை, மேலே குற்று இருப்பதால் 'க்' என்று திருத்த எனக்கு வாய் துடித்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் திருத்தாமல் விட்டதுதான் என் கற்பித்தல் வாழ்க்கையில் இதுவரை நான் எடுத்த ஆகச் சிறந்த தீர்மானம். வயர்களைத் திருப்பித் தந்தார். மணிக்கூட்டை மட்டும் போகும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார். கும்பிட்ட அவசரத்தில் நான் அதை மறந்தே போனேன்.

பாடம் தொடங்கியது. மெடம் கடைசி வாங்கில் பத்திரத்தோடு அமர்ந்தார். பன்னிரண்டு பயன்களின் அதே மெடம்தான். பிள்ளைகள் ஜன்னல்களை டிமைத் தாளால் மறைத்தார்கள். சதுரமும் வட்டமும் பொருந்தின, பதினைந்து துளையும் சம்மதித்தன, மல்டிமீடியா இரைந்தது. சுவரில் நீல வெளிச்சம் விழுந்ததும் நாற்பது பிள்ளைகளும் "ஆ" என்றார்கள். நான் பென் டிரைவைச் செருகி முதலாவது சிலைட்டைத் திறந்தேன்.

'தமிழ்' என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்து, பின்னால் ஒரு அரைப்புள்ளி. ஜே, கே, பி, ஓ.

"புதுக் கட்சியா டீச்சர்?" என்று முன் வாங்கிலிருந்து ஒரு குரல்.

அடுத்த சிலைட்டைத் தட்டினேன். அதுவும் அப்படித்தான். லெப்டொப்பை அணைத்துப் போட்டேன். மறுபடி ஜேகேபிஓ. முதுகில் வியர்வை இறங்கியது. மெடத்தின் பேனை ஓடத் தொடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாம் வரிசையில் ஒருவன் எழுந்தான். கொமியூனிகேஷன் அண்ணனின் மகன். பின்னேரம் முழுக்க அப்பாவின் தோளுக்குப் பின்னால் நிற்கிறவன்.

"டீச்சர், இது பிழை இல்லை. பாமினி. இந்தக் கொம்பியூட்டர்ல அந்த எழுத்துரு இல்லை, அதுதான்" என்றான். கேட்காமலே வந்து சோக்கை எடுத்தான். "ஜே என்றா த. கே என்றா ம. பி அடிச்சா ம-வுக்குத் தலையில வளையும். ஓ என்றா ழ. அரைப்புள்ளிதான் குற்று." கரும்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே எழுதினான். வகுப்பு சேர்ந்து வாசித்தது: த, மி, ழ்.

பிறகு என்னால் பிடிக்க முடியவில்லை. அம்மா எப்படி என்று ஒருத்தி கேட்டாள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எச்தான் அரவு. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா இருக்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் வேண்டியிருந்தது. கொச்சிக்கடைக்குப் பன்னிரண்டு விசை என்று எண்ணிச் சொன்னார்கள். அதில் கடைசி மூன்று, எஃப், ஐ, எல். "ஃபில் என்றா கடை!" என்று ஒருவன் கத்த, அன்றைக்கு முழுக்கப் பாடசாலை கன்டீனுக்கு ஃபில் என்று பெயரானது.

ஜன்னலோரத்தில் எப்போதும் வாய் திறக்காத பிள்ளை ஒன்று கை தூக்கியது. "டீச்சர், கொ எழுத இவர் கொம்பை முதல்ல அடிக்கிறார். வாயில க் தானே முதல்ல வருது?" தட்டச்சுப் பொறி காலத்துப் பழக்கம், இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் அடிப்பார்கள் என்று சமாளித்தேன். பிள்ளை உட்காரவில்லை. "புத்தகத்தில க்-ஓட அ சேர்ந்தா க. இங்க க-வுக்குக் குற்று வச்சாத்தான் க். எது டீச்சர் முதல்ல?"

இருபத்திரண்டு சிலைட்டிலும் இதற்குப் பதில் இல்லை. இடப்பக்கத்தால் பறந்து வரும் 'க்' கூட இதை யோசித்திருக்காது. "அது காதுக் கணக்கு, இது கைக் கணக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு க்... அ... க என்று எல்லோரையும் சொல்ல வைத்தேன். பிறகு கண்ணைத் திறந்து எழுத வைத்தேன். இரண்டு வழியாலும் ஒரே எழுத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மல்டிமீடியா சுவரில் ஜேகேபிஓவைக் காட்டிக்கொண்டு சும்மா இரைந்தது. பெல் அடித்ததும் தெரியவில்லை. என் நேரம் அந்தோனியார் கோயில் வாசலில் இருந்தது.

பிள்ளைகள் போன பிறகு மெடம் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சிலைட் எத்தனை?"

"இருபத்திரண்டு மெடம்."

"காட்டினது?"

"ஒன்றரை."

எழுதினார். "இந்தச் செயற்பாடு பாடக்குறிப்பில் இல்லையே?"

"இல்லை மெடம்."

அதையும் எழுதினார். பிறகு பேனையை மூடி, வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னுடைய விரிவுரைக் குறிப்பு முழுக்கப் பாமினியில்தான் கிடக்குது. யாருக்கு அனுப்பினாலும் இப்படித்தான் ஜேகேபிஓ என்று திறக்குதாம். அதுதான் வாசித்து வாசித்தே எழுதக் கொடுக்கிறேன். அந்தப் பொடியனுடைய அப்பா மாத்தித் தருவாரா?"

"தருவார் மெடம். கையிலேயே இருக்கிற வேலைதான்."

"கடை எத்தனை மணி வரைக்கும்?"

"கரண்ட் இருக்கும் வரைக்கும்" என்றேன். இரண்டு பேரும் ஃபோனை எடுத்து, கொச்சிக்கடைக்கு இன்றைக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று தேடத் தொடங்கினோம்.