பழி துண்டின் மேல்

புணே பக்கத்துத் தளேகாவில் கார் துடைக்க வேண்டுமென்றால் முதலில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். ஊரின் ஜாதகம் அப்படி. 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே ஷெவர்லே கார்களைச் செய்யத் தொடங்கியது. 2020 டிசம்பரில் கடையைக் கட்டியது. அதே ஆலையை ஹூண்டாய் வாங்கி 2025-இல் மறுபடி ஓட விட்டது. பக்கத்துச் சாக்கனில் ஃபோக்ஸ்வாகன், மஹிந்திரா, மெர்சிடிஸ். இப்படி ஒரு வட்டாரத்தில் கார் பற்றிக் கருத்து இல்லாதவர் இருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து வந்த தமிழருக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் வேதம். உள்ளூர்க்காரருக்குச் சோலாப்பூர் தேங்காய்ப்பூத் துண்டு. பழைய ஆட்களுக்கு ஷாமாய் தோல். இளைஞருக்கு மைக்ரோஃபைபர், அதுவும் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். இந்த நான்கு கட்சிகளும் மோதிக்கொண்டிருக்கும்போது, சொசைட்டியில் விடிகாலையில் கார் துடைப்பவர் ஒரு கிழிந்த புடவைத் துண்டோடு இருபது கார்களை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

என் தீர்ப்பு இதுதான்: நான்கு கட்சியும் தவறான குற்றவாளியைப் பிடித்து வைத்திருக்கின்றன. கீறுவது துணி அல்ல. துணிக்கும் காருக்கும் நடுவே இருக்கும் தூசி. கார் பெயின்ட்டின் மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. தடிமன் சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. அது ஒரு வகை பிளாஸ்டிக்தான். தளேகாவ் மண்ணோ தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லின் பொடி, வயது கிட்டத்தட்ட 6.6 கோடி ஆண்டு. அதிலுள்ள கனிமங்களின் கடினம் மோஸ் அளவுகோலில் 5, 6 என்று வரும். நம் விரல் நகம் 2.5. டைனோசர் காலத்துக் கல்லைப் பொடித்து, காரின் மேல் தூவி, அதன்மேல் ஒரு துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் அந்தத் துணிக்குப் பெயர் உப்புத்தாள். அது சோலாப்பூரில் நெய்ததா, ஜப்பானில் நெய்ததா என்பது அதற்கப்புறம் முக்கியமே இல்லை.

சாட்சி வேண்டுமென்றால் இரவில் பார்க்கிங் விளக்கின் கீழ் ஒரு கறுப்புக் காரைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரியும். யாரும் வட்டமாகத் தேய்க்கவில்லை. எல்லாத் திசையிலும் கீறல்கள் இருப்பதால், ஒளியைத் திருப்பி அனுப்புபவை மட்டும் வட்டமாகத் தெரிகின்றன. தூசியின் குணம் கார் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பல ஆலைகளில் பெயின்ட் அடிப்பதற்கு முன் தீக்கோழி இறகு பதித்த உருளைகளை ஓட்டித் தூசியை நீக்குகிறார்கள். சில இடங்களில் ஈமு இறகு. (2012-இல் கவிழ்ந்த பெருந்துறை ஈமு பண்ணை மோசடித் திட்டத்தில் பணம் போட்டவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.) இறகால் தடவி அனுப்பிய காரை, நாம் வாங்கி வந்த மறுநாளே காய்ந்த துணியால் கல்யாணப் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்க்கிறோம்.

அப்படியானால் எல்லாத் துணியும் ஒன்றுதானா என்று மைக்ரோஃபைபர் கட்சி கொதிக்கும். இல்லை, அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பாலியெஸ்டரையும் பாலியமைடையும் சேர்த்து முடியைவிட நுண்ணிய இழைகளாகப் பிளந்த துணி அது. தூசியைத் தள்ளாமல் இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை எளிதில் விடாது. ஒருமுறை தரையில் விழுந்த மைக்ரோஃபைபர், தரையின் மணலைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பானெட்டில் சேர்க்கும். கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கி போட்டு அலசினால் இழை இடுக்குகள் அடைபடும். பனியனோடு சேர்த்து மெஷினில் போட்டால் பஞ்சைச் சுமந்து வரும். துவைக்காத நல்ல துணியைவிடத் துவைத்த சாதாரணத் துணி மேல்.

பனியன் வேஸ்ட் கட்சியின் வாதம் வேறு: “முப்பது வருஷமா இதுலதான் துடைக்கிறோம், ஒண்ணும் ஆகல.” காரின் நிறத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். வெள்ளையில் கீறல் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் நடுவேதான் பாலிஷ் கடைக்காரர் பிழைக்கிறார்.

துணியைவிடப் பெரிய சண்டை திரவங்களுக்கு. சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பது மிகை; அவை மெழுகுப் பூச்சைத்தான் கழற்றிவிடும். கார் ஷாம்பூவின் பெருமை நுரையில் இல்லை, வழுக்கலில் இருக்கிறது. மணல் உருண்டு போக வழி விடுவதுதான் அதன் வேலை. டீசல் போட்டுத் துடைத்தால் பளபளக்கும், உண்மை. அந்தப் பளபளப்பு எண்ணெய்ப் படலம். ஒரு மணி நேரத்தில் நெடுஞ்சாலையின் தூசி முழுவதையும் வரவேற்கும். செராமிக் பூச்சுக் கடையில் ‘9ஹெச் கடினம்’ என்பார்கள். வைரத்துக்கு ஒரு படி கீழே என்று நினைத்துக் காசைக் கொடுக்க வேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசி ஆட்சேபம் தண்ணீர். தூசியை முதலில் நனைத்து இறக்கு என்று உபதேசிப்பது சுலபம், 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்க வேண்டி வந்ததே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தண்ணீரைத் தின்பது குழாய், வாளி அல்ல. இரண்டு வாளி போதும்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசும் தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. இருபது காருக்கு ஒரே வாளி என்றால், பத்தாவது காரின் மேல் ஒன்பது கார்களின் மண் ஏறும். அதற்குத் துடைப்பவரைக் குறை சொல்லக் கூடாது. மாதக் கூலியைப் பேரம் பேசியவர்கள் நாம்தானே. மழையே கழுவிவிடும் என்பவர்கள் இந்த வட்டாரத்துச் சேற்றில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்ப் பார்க்கட்டும்.

ஆகவே துண்டு எந்த ஊருடையதாகவும் இருக்கட்டும். அது அவரவர் குலதெய்வம். காய்ந்த காரைத் துடைக்காதீர்கள், துடைத்த துணியைத் துவைக்காமல் மடிக்காதீர்கள். இரண்டுக்கும் நேரமில்லை என்றால் காரை அழுக்கோடு விட்டுவிடுங்கள். அழுக்குக் காரை என்றைக்கு வேண்டுமானாலும் கழுவலாம். கீறிய காரை ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டாலும் மறைக்க முடியாது.