ஒரே நாளில் சியான்: மாமன் சொல்லும் யோசனை

சீனாவுல சியான் ஊரை ஒரே நாள்ல பார்த்து முடிச்சிரப் போறியாமே மருமகனே. 13 ராஜவம்சத்துக்குத் தலைநகரா இருந்த ஊருன்னு அங்கத்து ஆளுக பெருமையாச் சொல்லிக்குவாக. அதுக்கெல்லாம் உனக்கு எதுக்கு ஒரு முழு நாள்? அரைநாள் போதும். மிச்சத்தை செல்ஃபிக்கு வச்சுக்கோ.

காலையில முதல் வேலையா மண்பொம்மைப் பட்டாளத்தைப் பார்க்கப் போ. ஊருக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். 1974-ல தண்ணிக்குக் கஷ்டப்பட்டு சம்சாரிக சிலபேரு அங்க கிணறு தோண்டுனாக. கிணறு வெட்டப் பூதம் கிளம்புச்சுன்னு நாம சும்மா வாயளவுல சொல்லிக்கிட்டுத் திரியுறோம். அவுகளுக்கு நிசமாவே ஒரு சேனையே கிளம்பிருச்சு. கி.மு. 210-ல செத்த சின் ஷி ஹுவாங் ராஜாவுக்குப் பூமிக்கடியில காவல் நின்ன சேனை. அப்புறம் தண்ணியைப் பத்தி எவன் கேட்டான்? நிலமும் சர்க்கார் கைக்குப் போச்சு. தோண்டுனவுகள்ல ஒருத்தர் பின்னால அங்கயே கடையில உக்காந்து, வர்றவுகளுக்குப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. கிணறு வெட்டுன இடத்துக்கு ஒரு பலகை வச்சிருக்காக. அதைத் தேடி நேரத்தைக் கெடுத்துக்காதே, அது எங்களை மாதிரி காட்டுல கிடந்தவுகளுக்கு.

முதல் குழி மட்டுமே 230 மீட்டர் நீளம். மொத்தம் 8,000 சிப்பாய் இருக்கலாம்னு ஒரு கணக்கு. ஒருத்தன் முகம் மாதிரி இன்னொருத்தன் முகம் இருக்காதாம். உன் செல்லுல எல்லாப் படத்துலயும் உன் முகம்தானே இருக்கப்போகுது, உனக்கென்ன! பொம்மைகளுக்கு முன்ன சாயம் பூசியிருந்துச்சு. வெளியே எடுத்ததும் காத்துப்பட்டுக் காஞ்சு, நிமிசத்துல உரிஞ்சிருச்சு. அதனாலதான் ராஜா சமாதியை இன்னும் திறக்காம பொறுத்திருக்காக. பொறுக்கத் தெரிஞ்ச பயலுக.

ஷான்ஷி வரலாற்று மியூசியத்துக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனா முன்கூட்டியே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதியணும். திங்கக்கிழமை லீவு. நீ திங்கக்கிழமையே போ. வாசலும் பார்க்க அழகாத்தான் இருக்கும்.

மத்தியானம் முஸ்லிம் தெருவுல பாவ்மோ சாப்பிடு. முதல்ல ஒரு காலிக் கிண்ணமும் கெட்டி ரொட்டியும் கொண்டாந்து வைப்பான். பிய்க்கிறது உன் பாடு. காசு குடுத்து உண்ண வந்தவனையே வேலை வாங்குறானேன்னு கோவிச்சுக்காதே. பட்டாணிக்கும் சின்னதாப் பிய்க்கணும். அந்த ஊருக் கிழவனுக ஊர்க்கதை பேசிக்கிட்டே நிதானமாப் பிய்ச்சுக்கிட்டு இருப்பானுக. பிய்ச்ச கிண்ணம் அடுப்படிக்குப் போய் ஆட்டுக்கறிச் சாறுல கொதிச்சுத் திரும்பி வரும். பெரிசு பெரிசாப் பிய்ச்சுப் போட்டா உள்ள சாறு ஏறாது. சமையக்காரன் கிண்ணத்தைப் பார்த்தவுடனே வந்திருக்கிறவன் ஜாதகத்தைக் கணிச்சிருவான். தொட்டுக்க இனிப்புப் பூண்டு ஊறுகா. கிண்டிக் கிளறாம ஓரத்துலருந்து தின்னுக்கிட்டு வரணும். சில கடையில மெஷின்லயே நறுக்கிக் குடுக்கான். உன்னை நினைச்சுத்தான் அந்த மெஷினையே கண்டுபிடிச்சிருப்பான்.

அப்படியே பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தையும் எட்டிப் பாரு. யுவான் சுவாங் இந்தியாவுலருந்து கொண்டுபோன 657 நூல்களைப் பத்திரமா வைக்கணும்னு 652-ல கட்டுனது. நம்ம காஞ்சிபுரம் வரைக்கும் வந்த மனுசன். போயிட்டு ஊர் திரும்ப பதினாறு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒருநாள் டூர் பாக்கேஜ் அப்பவே இருந்திருந்தா, பாவம், பிழைச்சிருப்பாரு.

சாயங்காலம் கோட்டைச் சுவரு. மிங் ராஜாக்க காலத்துது, சுத்தளவு 13.7 கிலோமீட்டர். மேலேயே சைக்கிள் வாடகைக்கு உண்டு. தெருமுனைக் கடைக்கே பைக்கை எடுக்கிற ஆளு நீ, பேட்டரி வண்டியும் இருக்கு, ஏறிக்கோ.

இன்னொண்ணு. அங்க பெரும்பாலும் செல்லைக் காட்டித்தான் காசு குடுக்காக. பகலெல்லாம் படம் பிடிச்சே சார்ஜைத் தீர்த்துட்டா, ராத்திரி இடுப்பு வாரு அகலத்துல போடுற அந்த நூடுல்ஸைக் கண்ணால பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். எதுக்கும் ஒரு பொட்டலம் முறுக்கைப் பையில போட்டுக்கோ மருமகனே.