நான்கு காசுக்காரன்

ஊர் விவகாரமானாலும் உலக விவகாரமானாலும் நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொள்ளும் பரம சாதுவான மனிதர்கூட, தம்முடைய சுபாவத்தைப் பற்றி யாரோ ஒருவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கைரேகைக்காரரும் நாடி ஜோசியரும் எதிர்காலத்தைச் சொல்லி ஜீவனம் நடத்துகிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. என் அபிப்பிராயம் வேறு. எதிர்காலம் வருகிறபோது வரட்டும் என்று இருந்துவிடலாம். "உங்களுக்கு இளகின மனசு, அதனாலேயே பலபேர் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று பிறத்தியார் வாயால் கேட்கும் சுகத்தை அப்படி ஒத்திப்போட முடிகிறதா?

இந்தச் சுகத்துக்குப் படித்தவர்கள் மத்தியில் இப்போது ஏற்பட்டிருக்கும் கௌரவமான மார்க்கம் டாரோ சீட்டு. என் அண்ணன் மகள், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம் போக மிஞ்சுகிற நேரத்தில் இந்த வித்தையைப் பயின்று, சனி ஞாயிறுகளில் சிநேகிதிகளுக்குச் சீட்டு விரித்துப் பலன் சொல்லும் ஸ்தானத்துக்கு உயர்ந்திருக்கிறாள். பலன் என்று சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். "சித்தப்பா, இது ஜோசியம் இல்லை. உங்களுக்குள்ளே எந்த ஆர்க்கிடைப் இருக்குன்னு நீங்களே தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்" என்பாள். சக்கரவர்த்தி, மகாராணி, மந்திரவாதி, துறவி, முட்டாள் என்று மனித குலத்துக்கே பொதுவான சில ஆதி உருவங்கள் ஒவ்வொருவர் மனத்தின் அடித்தளத்திலும் குடியிருக்கின்றன என்பது சுவிட்சர்லாந்து தேசத்து மனவைத்தியர் கார்ல் யுங்கின் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தைச் சீட்டுக்கட்டோடு முடிச்சுப் போட்டவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்களே. யுங் டாரோவைப் பற்றிச் சொன்னது மிகச் சொற்பம். 1933-இல் ஒரு வகுப்பில் போகிற போக்கில் பிரஸ்தாபித்ததுதான் முக்கியமானது. குருநாதர் அரைப்பக்கம் சொன்னதற்குச் சிஷ்யர்கள் அலமாரி அலமாரியாக வியாக்கியானம் எழுதுவது நம் தேசத்தாருக்கு ஒன்றும் புதிதல்லவே!

தன்னைத் தான் அறிவதைப் பற்றி இவ்வளவு எழுதிக் குவித்த அந்த யுங், 1937-38 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, தெற்கே திருவனந்தபுரம், இலங்கை வரைக்கும் பிரயாணம் செய்தும், 'நான் யார்?' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் உட்கார்ந்திருந்த ரமண மகரிஷியை மட்டும் தரிசிக்காமலேயே கப்பலேறிவிட்டார். பிற்பாடு ரமணரைப் பற்றிய ஜெர்மன் நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதியபோது, மகரிஷியின் சீடரான ஒரு பிள்ளைகுட்டிக்காரரைத் திருவனந்தபுரத்தில் சந்தித்ததே தமக்குப் போதுமானதாயிருந்தது என்ற தோரணையில் சமாதானமும் சொன்னார். இதை நான் ஒரு பெரிய ஆட்சேபமாக எடுத்து வைத்தேன். "அவருக்கு லீவு இருந்திருக்காது, சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள்.

சீட்டின் பூர்வோத்தரம் இன்னும் வேடிக்கை. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், பெராரா பிரபுக்களின் அரண்மனைகளில், பொழுது போகாத சீமான்கள் ஆடுவதற்காக ஏற்பட்ட கட்டு இது. மொத்தம் 78 சீட்டு. அதில் 22, இப்போது ஆத்மாவின் ரகசியங்களாகக் கருதப்படுபவை, அந்நாளில் வெறும் துருப்பு. மரணமும் சூரியனும் சைத்தானும் பிடி பிடிப்பதற்குத்தான் பயன்பட்டார்கள். பிரான்சில் இன்றைக்கும் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து இந்தச் சீட்டை ஆட்டமாகவே ஆடுகிறார்கள். அவர்களில் எவரும் அதனால் தம்மை அறிந்துகொண்டதாகத் தகவல் இல்லை. 1781-இல் பாரிஸ் நகரத்தில் கூர் த ஜெபலன் என்ற ஒரு பாதிரியார், சில சீமாட்டிகள் இந்த ஆட்டம் ஆடுவதைப் பார்த்த மாத்திரத்தில், இது புராதன எகிப்தியப் பூசாரிகளின் ஞானப் புஸ்தகம் என்று கண்டுபிடித்துவிட்டார். எகிப்திய எழுத்தைப் படிக்க ஷாம்போலியன் வழி கண்டது 1822-இல். அதற்கு 41 வருஷம் முன்பாகவே அதன் அர்த்தம் பாதிரியாருக்குத் தெரிந்துபோயிற்று என்றால் அந்த மேதாவிலாசத்தை என்னவென்று சொல்வது!

நிற்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கும் சீட்டு விரிப்பது என்று தீர்மானமாயிற்று. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஊறுகாய் ஜாடியையும் மாத்திரை டப்பாவையும் நகர்த்திவிட்டு, ஊதாப் பட்டுத்துணி ஒன்றை விரித்து, "இடது கையால வெட்டுங்க சித்தப்பா" என்றாள். எனக்கு எந்தச் சீட்டு வரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. ஒன்பதாம் எண் துறவி: பனிமலைச் சிகரத்தில், சாம்பல்நிற அங்கி தரித்து, ஒரு கையில் தடியும் மறு கையில் நட்சத்திரம் எரியும் விளக்குமாக நிற்கும் அந்தப் பெரியவருக்கும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் விடியற்காலையில் எழுந்து மொட்டைமாடியில் தனியாக உலாவுகிற எனக்கும் உள்ள சாதிருசியம் யாருக்கும் புலப்படக்கூடியதே.

வந்தது காசு நான்கு. கிரீடம் தரித்த ஒருவன் கல்லாசனத்தில் குந்தியிருக்கிறான். கிரீடத்தின் மேல் ஒரு காசு. மார்போடு இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டிருப்பது ஒரு காசு. பாதத்துக்கு ஒன்றாக மிதித்துக்கொண்டிருப்பது இரண்டு காசு. பின்னால் ஒரு பட்டணமே தெரிகிறது. இவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான். படத்தை வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் அம்மையார், 1909-இல் லண்டனில் ஆர்தர் வெயிட் என்பவருக்காக முழுக்கட்டையும் வரைந்து முடித்துவிட்டு, வேலையோ பெரிது, கிடைத்ததோ சொற்பம் என்ற கருத்தில் ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். 1951-இல் கடனோடு காலமானார். காசை இறுக்கிப் பிடிப்பவனுடைய முகத்தை அவர் அவ்வளவு நுட்பமாக எங்கே பார்த்திருப்பார் என்று ஊகிப்பது சிரமமல்ல.

நான் அந்தச் சீட்டை ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் பட்டணம் இருப்பதால் இவன் லோபியல்ல, ஊர்ப் பொக்கிஷத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்றேன். இரண்டு காசைக் காலால் மிதிப்பவன் பொருளை மதியாதவன் ஆகமாட்டானா என்றேன். சீட்டு தலைகீழாக வந்திருக்கலாம், நீதான் திருப்பி வைத்துவிட்டாய் என்றும் சொல்லிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "போன தீபாவளிக்கு மைசூர்பாகு போட்டுக் குடுத்தனுப்பின எவர்சில்வர் டப்பா என்ன ஆச்சுன்னு போன் மேல போன் போட்டாரே, அந்த டப்பா அந்தப் படத்துல இருக்கா பாருடி." பேர் வெட்டிய பாத்திரம், எந்த வீட்டுப் பேர் அதில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒழுங்கைச் சேர்ந்த விஷயமேயன்றிச் சிக்கனத்தைச் சேர்ந்ததல்ல என்பதை அண்ணிக்கு விளக்குவதற்குள் காப்பி ஆறிவிட்டது.

கிளி ஜோசியத்தில் இந்தச் சங்கடமே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிளி எடுத்துப் போடும் படத்தில் முருகன் வந்தாலும் மாரியம்மன் வந்தாலும் அவர்கள் நமக்கு அருள்புரிய வந்தவர்கள். படத்தில் இருப்பவர் நீர்தான் என்று எந்தக் கிளி ஜோசியரும் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம்; சித்தப்பாவைச் சீட்டில் அடைப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

என்னைச் சமாதானப்படுத்த வேண்டி இன்னொரு சீட்டு எடுத்தாள். கிண்ணத்து ராஜா: உணர்ச்சிகளை அடக்கி ஆள்பவன், பெருந்தன்மை மிக்கவன், பிறர் துயரம் அறிந்தவன். அதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் எதுவும் எழவில்லை. அடுத்தாற்போல் என் அண்ணாவுக்குச் சக்கரவர்த்தி வர, "எவ்வளவு கரெக்டா சொல்லுது பாத்தியா!" என்று அவர் வியந்த அதே கணத்தில் சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

பெர்ட்ராம் போரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர், 1948-இல் தம்முடைய மாணவர்கள் 39 பேருக்குப் பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சுபாவ வர்ணனை எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி, கடையில் விற்கும் ஜோசியப் புஸ்தகத்திலிருந்து பொறுக்கிய ஒரே வாசகத்தை அத்தனை பேருக்கும் விநியோகித்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னதில் சராசரியாக 4.26 கொடுத்தார்கள். இதைக் காட்டி டாரோவே புரட்டு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நாம் தலையாட்டி ஒப்புக்கொள்கிற வர்ணனை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்றுதான் அந்தப் பரீட்சை நிரூபிக்கிறது. காப்பி ஆறிப்போகிற வரைக்கும் மறுத்துப் பேசுகிற வர்ணனையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. "இவ்வளவு நேரம் ஒரு சீட்டோட சண்டை போட்டவங்க யாருமே இல்லை சித்தப்பா" என்று அண்ணன் மகள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டதையும் நான் கவனிக்காமல் இல்லை.

இந்த வித்தையில் நாட்டமுள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டாரோக்காரரிடம் போய் உட்கார்ந்தால், கேட்கக் கேட்க இனிக்கிற வாக்கியங்களையெல்லாம் இலவசமாக வந்தவை என்றே பாவியுங்கள். எந்த வாக்கியத்துக்கு உங்கள் குரல் உயர்ந்து, பக்கத்து அறையிலிருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்களோ, அந்த ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.