வணக்கம் சொல்லிட்டுப் போன பட்டன்

வாடா பேராண்டி, உக்காரு. மூணு மாசமா லேப்டாப்பைத் தொறந்து வெச்சிக்கினு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தட்டிக்கினு கெடக்குற. அந்நேரத்துக்கு ஆலங்காயம் பக்கம் முழிச்சிருக்கறது காவலூர் தொலைநோக்கிக்காரங்களும் நீயும்தான். அவங்களுக்காவது நட்சத்திரம் தெரியுது.

உன் பாட்டி மந்திரிக்கணும்னு நிக்குறா. 'இல்லடி, சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் மொழி செஞ்சிருக்கான், அதுக்கு இப்ப ஜன்னல் வெக்கிறான்'னேன். எத்தினி பேரு அதைப் பேசறாங்கன்னு கேட்டா. இவன் ஒருத்தன்தான்னேன். தாயத்துச் செலவைத் தானே ஏத்துக்கிறேன்றா.

நேத்து 'வணக்கம் சொல்லு'ன்னு ஒரு பட்டன் காட்டினியே, அமுக்கினேன். ஜன்னலே காணோம். சொல்லிக்கிட்டுக் கெளம்புற மரியாதை இந்தக் காலத்துல அந்தப் பட்டனுக்காவது இருக்குதேன்னு நெனச்சிக்கினேன்.

ஜன்னல் வெக்க நீ எடுத்துக்கிட்ட ஜிடிகே எனக்குத் தெரியாது. வாணியம்பாடித் தோல் ஷாப்புல முப்பது வருஷம் இருந்தவன், அடுத்தவன் சரக்கைக் கையாளுற பொழப்பு தெரியும். பைண்டிங்குனா அதானே? ஜன்னல், பட்டன் எல்லாம் எவனோ சி மொழியில செஞ்சு வெச்சது. உன் மொழியிலேருந்து அதைக் கூப்பிட நீ ஒரு வாசல் வெக்கிறே.

ஆயிரக்கணக்கான ஃபங்ஷனுக்கும் அந்த வாசலை, ரேப்பரை, கையாலயே எழுதறேன்னியே, பெருமையா வேற! பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போட்டா முடி எளகிடும், ஒரு இழுப்புல வந்துடும். நீ தொட்டியை விட்டுட்டு ஒத்தை ஒத்தை முடியா புடுங்கிக்கினு இருக்கே. எந்த ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன குடுக்கும்னு 'ஜிர்'னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல ஜிடிகேகாரனே எழுதிக் குடுக்குறான்னு போன வாரம் நீதான் சொன்னே. அதைப் படிச்சு ரேப்பர் எழுதற மாதிரி ஒரே ஒரு புரோகிராம் எழுதேன்.

அதே ஃபைல்ல 'டிரான்ஸ்ஃபர் ஃபுல்', 'டிரான்ஸ்ஃபர் நன்'னும் இருக்குதாம், நீ கண்டுக்கலை. எங்க ஷாப்புக்கு ரெண்டு வகைத் தோல் வரும். ஒண்ணு மொதலாளி காசு போட்டு வாங்கினது, இன்னொண்ணு வெளியாள் கூலிக்குப் பதப்படுத்தக் குடுத்தது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தொங்கும், பாத்தா வித்தியாசமே தெரியாது. கூலித் தோலை நம்மதுன்னு வித்தா அடிதடி. நம்ம தோலை அவன்துன்னு விட்டா குடோன் நெறைஞ்சு நாறும். ஃபுல்னா உன் சரக்கு, கணக்கு முடிக்கறது உன் பாடு. நன்னுன்னா அவன் சரக்கு, பாத்துட்டு வெச்சிடு. போதாக்குறைக்கு, பட்டன், கட்டம் மாதிரி புதுசாப் பொறந்த விட்ஜெட் யாருக்கும் சொந்தமில்லாம மெதக்குமாம், மொதல்ல மடியில போட்டுக்கிறவனுக்கு ஆயிடுமாம். நல்ல ஊரு!

பட்டன் ஓடிப்போன கதைக்கு வரேன். அமுக்கினா இதைக் கூப்பிடுன்னு உன் ஃபங்ஷன் விலாசத்தை ஜிடிகேகிட்ட குடுத்தே. உன் மொழியில கார்பேஜ் கலெக்டர்னு குப்பை வாருற ஆளு ஒருத்தன் இருக்கானே, அவன் வந்து பாத்தான். இதை இங்க யாரும் கேக்கலையேன்னு வாரிக் கொட்டிட்டான். ஜிடிகே கையில சீட்டு இருக்குறது அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டன் இருக்கிற வரைக்கும் இதைத் தொடாதேன்னு அவன் பாக்குற பட்டியல்ல நீ எழுதி வெச்சிருக்கணும்.

இதெல்லாம் முடியறதுக்குள்ள வெள்ளைக்காரன் கட்டையை மாத்திடுவான். ஷூ கம்பெனிக்கு சீசனுக்கு ஒரு லாஸ்ட், அதான் ஷூ அச்சுக்கட்டை, வரலையா? 2020 டிசம்பர்ல ஜிடிகே 4 வந்தப்ப ஜன்னலை ஓட்டுற 'ஜிடிகே_மெயின்' ஃபங்ஷனையே தூக்கிட்டான்னு நீதானே பொலம்பினே. எங்க காலத்து மரக்கட்டைன்னா அடுப்பெரிக்கவாவது ஆகும்.

உனக்கு முன்னாடியே முத்து அண்ணாமலை 'எழில்'னு தமிழ்லயே ஒரு கம்ப்யூட்டர் மொழி செஞ்சாரே, 2009-லயே அதைப் பத்திக் கட்டுரை போட்டவரு. 'பதிப்பி'ன்னா திரையில எழுத்து வரும், திரையில ஒரு ஆமையை நகர விட்டுக் கோடு போட்டுப் படமும் வரையலாம். ஜன்னலை அவரு செஞ்சாரா? எழில் பைதான் தோள்ல, பைதானோட ஆமை டிகின்டர் தோள்ல, டிகின்டர் டிசிஎல் தோள்ல, அது சி தோள்ல. கெட்டிக்காரரு, ஓடற வண்டியில தொத்திக்கினாரு.

உனக்கு எத்தினி விட்ஜெட்டுடா வேணும்? பாட்டியோட பால் கணக்குக்கு ஒரு ஜன்னல், ரெண்டு கட்டம், ஒரு பட்டன். மொதல்ல அதைச் செஞ்சு குடு, உன் மொழிக்கு ஆளு ரெண்டாவும். பட்டன்ல வணக்கம் மட்டும் வேணாம். வரவேண்டிய பாக்கி முன்னூறு ரூபா இருக்குது, அதுவும் சொல்லிக்கிட்டுப் போயிடப் போவுது.